ப்ராசசர் 85 டிகிரி காட்டுகிறது. ஊட்டிக் குளிரில் இப்படி ஆகுமா? எவ்வளவு வரை பயமில்லை?

ஆகும். எனக்கே ஆனது, அதுவும் மார்கழியில்.

முதலில் கணக்கு. பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு உச்சவரம்பு 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். எனவே 85-ல் எதுவும் கருகாது. ஆனால் அறைச்சூடு 15 டிகிரி இருக்கும்போது 85 என்றால், 35 டிகிரி கோவையில் அதே மெஷின் அதே வேலையில் 105-க்குப் போகப் பார்க்கும். கோவைக்காரரின் 85-ம் உங்கள் 85-ம் ஒன்றல்ல. அதுவும் பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதே 85 என்றால், உடனே கழற்றிப் பாருங்கள்.

("ரைசன் 7000 முழு வேலையில் 95-லேயே ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள்" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். சரிதான் ஐயா. நான் இன்ஜினியர் இல்லை. குன்னூரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன்.)

என்னுடையது 10-ஆம் தலைமுறை ஐ5, பெட்டியோடு வந்த ஃபேன். நமக்குத்தான் இயற்கை ஏசி இருக்கிறதே என்று மூன்று வருடம் திறந்தே பார்க்கவில்லை. மிஸ்ட் உள்ளே வந்து ஈரம் ஏறிவிடும் என்று ஜன்னலைச் சாத்தி, சிபியு பெட்டியை ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு துண்டும் போட்டிருந்தேன். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

ஒரு வீடியோ ஆல்பம் பாதி ரெண்டரில் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) நான்கு முறை அணைந்தது. முகூர்த்த வீட்டார் போனில் கத்துகிறார்கள். சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கினேன். பர்லியாறு தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது. கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்டு போச்சுங்க. ஊட்டிப் பனியில ஈரம் எறங்கிருச்சு. 7,000 ஆகும்." கையில் அவ்வளவு பணம் இல்லாததால் தப்பித்தேன்.

திரும்பி வந்ததும் பாலிடெக்னிக் படிக்கும் மச்சான் பையன் திறந்தான். "மாமா, இங்க பாருங்க." ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டில் பூட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. ப்ராசசர் சூட்டை ஹீட்சிங்குக்கு, அதாவது ஃபேனுக்கு அடியில் இருக்கும் உலோகத் தகடுகளுக்கு, கடத்தப் பூசும் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கம்பளிப் பஞ்சு. துடைத்து, புது பேஸ்ட் வைத்து, நான்கு காலையும் அழுத்திப் பூட்டி, ஹீட்டரைத் தள்ளி வைத்தோம். ரெண்டரில் 68, சும்மா இருக்கையில் 34. மதர்போர்டு இன்றும் அதேதான்.

ஈரம் பற்றி: காற்றைவிடக் குளிர்ந்த பொருளில்தான் நீர் படியும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அறையைவிடச் சூடு, அதில் படியாது. குளிரில் கிடந்ததைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் மட்டும் கொஞ்ச நேரம் விட்டு ஆன் செய்யுங்கள். இன்னொன்று, ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவு. மெலிந்த காற்று என்பதால், அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் குறைவான சூட்டைத்தான் வெளியே தள்ளும். குளிரால் வரும் லாபத்தில் கொஞ்சத்தை உயரம் பிடுங்கிக்கொள்ளும்.

"உங்களுக்கென்ன, வருஷம் பூரா ஏசி" என்று மே மாதம் வந்து இறங்கும் சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசனில் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு ஃபேன் வாங்கப் போனால் அரை நாள் போய்விடுகிறது. ஒரு ட்யூப் பேஸ்ட்டை கூரியரில் வரவழைத்தால் மேட்டுப்பாளையத்திலேயே நான்கு நாள் கிடக்கிறது. இதையும் யாராவது கேள்வியாகக் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் ப்ராசசர் எந்த மாடல், 85 என்ன வேலையில் வந்தது, ஹீட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மூன்றையும் எழுதுங்கள்.