பீக்கரிலிருந்து மண்டி வரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் உணவு வேதியியலில் பிஎச்டி செய்கிறேன். மூன்றாவது வருடம். வாழைப்பழத்தின் மேல் பூசக்கூடிய, சாப்பிட்டாலும் கெடுதல் இல்லாத ஒரு மெல்லிய பூச்சைத் தயாரித்திருக்கிறேன். பூசிய பழம் ஐந்து நாள் கூடுதலாகத் தாங்குகிறது. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைக்கச் சொல்கிறார் கைடு. எங்கள் மாமாவோ, "அதையெல்லாம் விடு, பேடண்ட் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பி" என்கிறார். பல்கலைக்கழக ஆய்வு எப்படி விற்பனைப் பொருளாகிறது? இதன் அடிப்படையை எங்கிருந்து கற்றுக்கொள்வது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் போஸ்டர். பூச்சில் என்னென்ன சேர்த்தீர்கள், எத்தனை சதவீதம், எந்தச் சூட்டில் காய்ச்சினீர்கள் என்பதெல்லாம் அதில் வருமென்றால், சுவரில் ஒட்டிய நிமிடமே அது ஊரறிந்த சங்கதி ஆகிவிடும். ஊரறிந்த ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. நம் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை குறுகலானவை. அவற்றை நம்பி இறங்காதீர்கள்.

இதற்காகக் கைடிடம் சண்டை போட வேண்டியதில்லை. பேப்பர் இல்லாமல் தீசிஸ் நகராது என்பது அவருடைய கவலை, அதில் நியாயம் இருக்கிறது. வரிசையை மட்டும் மாற்றுங்கள். புரொவிஷனல் என்கிற தற்காலிக விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி உங்களுடையது. அதன் பிறகு போஸ்டர் வைக்கலாம், ஜர்னலுக்கும் அனுப்பலாம். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விண்ணப்பத்தில் எழுதியதற்குத்தான் அந்தத் தேதி காவல். போஸ்டரில் இருப்பது அத்தனையும் விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கான அரசுக் கட்டணத்தை 2021-ல் 80 சதவீதம் குறைத்துவிட்டார்கள். விண்ணப்பத்தை எழுதித் தரும் ஏஜெண்டுக்குத்தான் செலவு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் ஒரு கல்வி நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தபோது ஒரு மாணவன் வந்தான். பாலில் கலப்படம் இருந்தால் நிறம் மாறும் காகிதப் பட்டை செய்திருந்தான். என் மேசையில் ஒரு டம்ளர் பாலில் முக்கிக் காட்டினான், ஓரத்திலிருந்து நீலம் ஏறி வந்தது. அப்புறம் பையிலிருந்து ஒரு கருத்தரங்கு மலரை எடுத்து, தன் பெயர் அச்சான பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தான். விண்ணப்பத்துக்கு அது பலம் என்று நினைத்திருந்தான். சேர்மானம் முழுவதும், கிராம் கணக்கோடு, அந்தப் பக்கத்தில் இருந்தது. மலர் வெளிவந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. தப்பு அவன் மேல் இல்லை. எங்கள் பிரிவிலிருந்து ஒருவர்கூட அந்த ஆய்வகத்துக்குப் போய் இதைச் சொன்னதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் ஆய்விதழில் வெளியிட்டார்கள். காப்புரிமை பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுக்கும் உரிமப் பிரிவை நடத்திய நீல்ஸ் ரைமர்ஸ் 1974-ல் பத்திரிகைச் செய்தி வழியாகத்தான் விஷயத்தை அறிந்தார். தயங்கிய கோஹனைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். வெளியிட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் இடம் தந்தது. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது தாக்கல் செய்தார்கள். மற்ற நாடுகளில் உரிமை போயே போய்விட்டது. ஆனால் ரைமர்ஸ் அடுத்துச் செய்த காரியம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. ஒரே கம்பெனிக்குக் கொடுக்காமல், வருடத்துக்கு 10,000 டாலர் என்று கட்டுபடியாகும் விலை வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்தார். 1997-ல் காப்புரிமை முடியும்போது 468 கம்பெனிகள் வாங்கியிருந்தன, வருமானம் 25 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

உங்கள் பூச்சு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உண்டு. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கா 1980-ல் பே-டோல் சட்டம் போட்டது. இங்கே அதே போன்ற மசோதா 2008-ல் மாநிலங்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே இங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. உங்கள் கல்லூரியின் ஐபிஆர், அதாவது அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையை வாங்கிப் படியுங்கள். உரிமத்தால் வரும் பணத்தில், அதாவது ராயல்டியில், கண்டுபிடித்தவருக்கு எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, காப்புரிமை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வேலையில் பாதிகூட முடிந்திருக்காது. ஆய்வகத்தில் எப்படிப் பூசுகிறீர்கள்? ஒவ்வொரு பழமாக பீக்கரில் முக்கி, கம்பியில் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு தட்டில் அடுக்கியிருப்பீர்கள். விடிகாலையில் ஒரு வாழைக்காய் மண்டிக்குப் போய் நின்று பாருங்கள். லாரியிலிருந்து தார் தாராக இறங்கும். தோளில் சுமந்து வருகிறவர் அடுத்த தாருக்கு ஓடுவார். ஒரு தாரை எதில் முக்குவீர்கள்? முக்கிய தாரை எங்கே காயவைப்பீர்கள்? இடுக்கில் ஈரம் தங்கினால் அழுகாதா? இன்னும் ஒன்று: வியாபாரி காயாக வாங்கிப் பழுக்கவைத்து விற்கிறவர். பழுப்பதைத் தள்ளிப்போடுகிற உங்கள் பூச்சு அவருக்கு உதவியா, தொந்தரவா? தூரத்து ஊருக்கு அனுப்புகிறவருக்கு ஐந்து நாள் தங்கம். பக்கத்து டவுனுக்கு அனுப்புகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. பழுத்த பிறகு பூசுவது என்றால் உங்கள் ஆள் மண்டிக்காரர் இல்லை, கடைக்காரர். யார் காசு கொடுப்பார் என்று தெரிந்தால்தான் காப்புரிமையில் எதைக் கோர வேண்டும் என்பதே தெளிவாகும். உங்கள் ஊரிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

ஆய்வகத்திலிருந்து வெளியே போவதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். வெளியிலிருந்து உள்ளே வந்த ஒரு கதையும் இருக்கிறது. 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால் கேனையும் கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் மாடிசன் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தார். அன்று திறந்திருந்தது உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம். ரத்தம் ஏன் உறையவில்லை என்று லிங்க்கின் குழு பல வருடம் தேடியது. அதிலிருந்து முதலில் எலி மருந்தும், பிறகு 1954-ல் இதய நோயாளிகளுக்கான மாத்திரையும் வந்தன. அதன் பெயர் வார்ஃபரின். ஆங்கிலத்தில் அதன் முதல் நான்கு எழுத்து (WARF), வார்ஃப் என்ற அமைப்பின் சுருக்கப் பெயர். பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் கொடுக்க 1925-ல் தொடங்கிய அமைப்பு அது. அதன் முதல் சொத்து, புற ஊதா ஒளியால் உணவில் வைட்டமின் டி சேர்க்கும் ஹாரி ஸ்டீன்பாக்கின் முறை. அந்த முறைக்கு, வெண்ணெய்க்கு மாற்றாக எண்ணெய், கொழுப்பில் செய்யும் மார்கரினின் தயாரிப்பாளர்களுக்கு மட்டும் உரிமம் தர மறுத்தார்கள், வெண்ணெய் விற்கும் பால் விவசாயிகளைக் காப்பதற்காக. மார்கரின் ஏழைகளின் வெண்ணெய். பொது நலனுக்கு இது ஆகாது என்று 1940-களில் ஒரு நீதிமன்றமே சொன்னது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். யாருக்கு உரிமம் கொடுக்கிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாமா சொல்லும் கம்பெனி இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. தீசிஸ் எழுதிக்கொண்டே கம்பெனி நடத்தித் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழத்தை வாங்கிப் பதப்படுத்தி அனுப்பும் ஒருவர் சோதித்துப் பார்க்க முன்வந்தால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்து தாருக்கு அவர் கொட்டகையிலேயே பூசிக் காட்டுங்கள். பிறகு உரிமம் பேசலாம். காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் பழைய காப்புரிமைகளை இலவசமாகத் தேடிப் படிக்கலாம். பழப் பூச்சு என்று தேடி, எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் கோரிக்கைப் பகுதியை மட்டும் ஒரு பத்து காப்புரிமைகளில் படியுங்கள். வேறு பாடம் இப்போதைக்கு வேண்டாம்.

கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால் அது எப்போது அச்சாகிறது என்று இன்றே கேளுங்கள். சேர்மானம் அதில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு உடனே எனக்கு எழுதுங்கள்.