மகள் செய்த விளையாட்டும் அவருடைய வேலையும்: திருநெல்வேலித் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.டெக். மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், விடுதி அறையைப் பகிர்ந்துகொள்ளும் இரு பெண்களுக்கிடையே அரும்பும் காதலைக் கதையாக வைத்து ஒரு சிறிய கணினி விளையாட்டைச் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார் என்றும், அதைத் தற்செயலாகக் கண்ட நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். "இதைப் பார்த்தால் எந்தக் கம்பெனியில் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் அந்த வரிகளுக்கு அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொல்கிறேன்.

முதலில் வேலை. நம் ஊரில் 'ஆன்லைன் கேம்' என்றாலே ரம்மியும் கடனும்தான் நினைவுக்கு வருகின்றன. பணம் கட்டி ஆடும் அந்த விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடைசெய்துவிட்டது. உங்கள் மகள் செய்வது முற்றிலும் வேறு தொழில்; நிரல், ஓவியம், இசை, கதை நான்கும் ஒரே இடத்தில் கூடும் தொழில். பெங்களூரு, ஐதராபாத், புனே ஆகிய நகரங்களில் பன்னாட்டு விளையாட்டு நிறுவனங்களின் கிளைகள் இருக்கின்றன. அங்கே தேர்வு செய்பவர்கள் மதிப்பெண் பட்டியலைவிட, விண்ணப்பதாரர் இதுவரை எதை முடித்துக் காட்டியிருக்கிறார் என்பதையே அதிகம் பார்க்கிறார்கள். 'முடித்து' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் மாணவர்களில் பலர், பாதியில் நிற்கும் பெரிய கனவுகளைத்தான் மடிக்கணினியில் கொண்டுவருகிறார்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றும் உள்ள இருபது நிமிட விளையாட்டைச் செய்து, பிறர் ஆடும்படி வெளியிட்டும்விட்ட உங்கள் மகள் அவர்களை ஏற்கெனவே தாண்டிவிட்டார்.

ஆனால் கதைப்பொருள் இடைஞ்சல் ஆகாதா என்கிறீர்கள். இந்தத் துறையில் இந்தப் பொருள் நேற்று முளைத்ததல்ல. 1989ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சி. எம். ரால்ஃப் என்பவர் மேக்கின்டாஷ் கணினிக்காக 'கேப்பர் இன் தி காஸ்ட்ரோ' என்ற துப்பறியும் விளையாட்டைத் தனியாகச் செய்து, விலைக்குப் பதிலாக எய்ட்ஸ் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நன்கொடை தாருங்கள் என்று கேட்டு இலவசமாகப் பரப்பினார். அதன் துப்பறிவாளர் ஒரு தன்பாலீர்ப்புப் பெண். பின்னர் பாத்திரங்களை மட்டும் மாற்றி, வேறு பெயரில் அதையே கடைச்சரக்காகவும் விற்றார்கள். உங்கள் மகளுக்கும் 'இதையே கொஞ்சம் மாற்றிச் செய்யேன்' என்ற அறிவுரை நிச்சயம் வரும். அது முப்பத்தைந்து ஆண்டுப் பழமை உள்ள அறிவுரை என்பதை அவர் அறிந்திருப்பது நல்லது.

நிரல் எழுதுபவர் என்பதால் அவர் அறியவேண்டிய இன்னொரு கதையும் உண்டு. மனிதர்களின் அன்றாட வாழ்வைத் திரையில் நடத்திப் பார்க்கும் 'தி சிம்ஸ்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு உருவாகிக்கொண்டிருந்தபோது, ஒரே பாலினப் பாத்திரங்களுக்கிடையே காதல் வேண்டாம் என்று குழு முடிவு செய்திருந்தது. புதிதாகச் சேர்ந்த நிரலாளர் பேட்ரிக் பேரட்டின் கைக்குக் கிடைத்ததோ பழைய வடிவமைப்பு ஆவணம். அதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவரும் அந்தக் கட்டுப்பாடு இல்லாமலே நிரலை எழுதிவிட்டார். 1999இல் ஈ3 என்ற கணினி விளையாட்டுக் கண்காட்சியின் முன்னோட்டத்துக்கு ஒரு திருமணக் காட்சி தயாரானது. வந்திருந்த விருந்தினர் எல்லோருடைய அசைவுகளையும் முன்கூட்டியே எழுதிவைக்க அவருக்கு நேரம் போதவில்லை. கூட்டத்தில் இருந்த இரு பெண் பாத்திரங்கள், யாரும் சொல்லாமலே, பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க முத்தமிட்டுக்கொண்டன. விளையாட்டில் யார் யாரை விரும்பலாம் என்பது கடைசியில் ஒருவர் எழுதும் நிபந்தனை வரியில் போய் நிற்கிறது; அந்த வரியை எழுதத் தெரிந்தவரையும், அதைப் பற்றி யோசித்திருப்பவரையும் இந்தத் துறை தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான சான்று வேண்டுமென்றால், இலங்கையில் பிறந்த சந்தன ஏக்கநாயக்க அமெரிக்காவின் சியாட்டிலில் நடத்தும் அவுட்டர்லூப் கேம்ஸ் 2023 நவம்பரில் வெளியிட்ட 'தர்ஸ்டி சூட்டர்ஸ்' என்ற விளையாட்டைச் சொல்வேன். இருபாலீர்ப்புள்ள ஜலா என்ற தெற்காசியப் பெண், அக்காவின் திருமணத்துக்காகச் சொந்த ஊருக்குத் திரும்பி, விட்டுச் சென்ற பழைய காதலர்களையும் காதலிகளையும் ஒவ்வொருவராக எதிர்கொள்கிறாள். சண்டைக் காட்சிகளுக்கு நடுவே அவள் பெற்றோருடன் அடுக்களையில் நின்று சமைக்கிறாள். அந்தச் சமையலும் விளையாட்டின் ஒரு பகுதியே. நம் வீடுகளில் பேசித் தீராத பல விஷயங்கள் சோற்றுத் தட்டின் முன்னேதான் கொஞ்சம் இளகுகின்றன என்பதை அதைச் செய்தவர்கள் அறிந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் கனடாவிலிருந்து வந்த 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தியின் சமையலை மையமாக வைத்து, 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதைப் பெற்றது. அதில் பால்புதுமை (குயர்) கதை, அதாவது வழக்கமான ஆண்-பெண் வரையறைக்கு வெளியே உள்ளவர்களின் கதை, இல்லை. நம் வீட்டுக் கதைக்கும் உலகில் ஆடுவோர் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்ல செய்தியை மட்டும் சொன்னால் நான் என் தொழிலுக்கு உண்மையானவன் ஆகமாட்டேன். 'தர்ஸ்டி சூட்டர்ஸை' வெளியிட்ட அன்னபூர்ணா இன்டராக்டிவ் நிறுவனத்தின் ஊழியர்கள் அனைவரும் 2024 செப்டம்பரில் ஒருசேரப் பதவி விலகினார்கள். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் இத்துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தனியாக விளையாட்டு செய்து அதிலேயே வாழ்பவர்கள் மிகக் குறைவு. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு விளையாட்டை ஏற்ற 100 டாலர் கட்டவேண்டும். விற்றதில் பொதுவாக 30 சதவீதம் கடைக்குப் போகும். உங்கள் மகள் பயன்படுத்தியிருக்கும் இட்ச் தளத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, பங்கையும் படைப்பவரே தீர்மானிக்கலாம். ஆனால் 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால், வயது வந்தோருக்கானவை என்று குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஆக்கங்களை அந்தத் தளம் தேடலிலிருந்து நீக்கியபோது பால்புதுமைப் படைப்பாளிகள் பலரும் பாதிக்கப்பட்டார்கள். எனவே ஒரே கடையை நம்பவேண்டாம், மூலக் கோப்புகளைத் தம்மிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள்.

ஆக, நீங்கள் அஞ்சவேண்டியது கதைக்கு அல்ல, வருமானத்தின் நிச்சயமின்மைக்கு. அதற்கு வழி இருக்கிறது. பட்டத்தை நல்லபடியாக முடித்து, கேம்பஸ் நேர்முகத்தில் மென்பொருள் வேலை கிடைத்தால் ஏற்றுக்கொண்டு, மாலை நேரங்களில் ஆண்டுக்கு இரண்டு சிறு விளையாட்டுகளை முடிக்கலாம். கோடோ, ரென்பை, ட்வைன் போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் கருவிகள் இலவசம். முறையாகப் படிக்க விரும்பினால், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் விளையாட்டு வடிவமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது; பொறியியல் பட்டதாரிகளும் அதன் நுழைவுத் தேர்வை எழுதலாம். உறவினர் கண்ணில் படுமே என்ற உங்கள் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இட்ச் தளத்தில் புனைபெயரில் வெளியிடுவது வெகு சாதாரணம். வேலை விண்ணப்பத்தில் எந்த ஆக்கத்தைக் காட்டுவது என்பதை நிறுவனத்தைப் பார்த்து அவரே முடிவு செய்யலாம். அந்த முடிவு அவருடையதாகவே இருக்கட்டும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. கதையை வைத்து எழுதியவரைப் பற்றி முடிவுக்கு வரவேண்டாம். 'செலஸ்ட்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு நான்கு நாளில் செய்த சிறு முயற்சியாகத் தொடங்கி, 2018இல் முழு வடிவம் பெற்று, அவ்வாண்டின் சிறந்த சுயாதீன விளையாட்டுக்கான விருதை வாங்கியது. அதன் நாயகி மேட்லின் ஒரு திருநர் என்று அதை உருவாக்கிய மேடி தோர்சன் 2020இல்தான் எழுதினார். உருவாக்கிய காலத்தில் நாயகியைப் பற்றியும் தம்மைப் பற்றியும் அது தமக்கே தெரியாது என்றும் அதில் குறிப்பிட்டார். செய்தவருக்கே பிடிபட இத்தனை காலம் ஆகும் ஒன்றை, நீங்கள் ஒரு மாலையில் கேட்டு வாங்கிவிட முடியாது. உங்கள் மகளைப் பொறுத்தவரை அது வெறும் கதையாகவும் இருக்கலாம்.

ஒருவேளை அவரே வந்து சொன்னால், 'மாற்றிவிடுகிறேன்' என்று கூறும் எவரிடமும் அழைத்துச் செல்லாதீர்கள். பெற்றோரிடமிருந்து பாதுகாப்பு கேட்டு வந்த மதுரைப் பெண்கள் இருவரின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய 'சிகிச்சை'களைத் தடைசெய்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருள் தமக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்து கேட்டறிந்தார். நீங்களும் மகளை அழைத்துச் செல்லாமல், தனியாக ஓர் உளவியல் ஆலோசகரைச் சந்திக்கலாம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த விளையாட்டை நீங்கள் இன்னும் ஆடவில்லை, படங்களை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. விடுமுறைக்கு வரும்போது மகளை அருகில் உட்காரவைத்து ஆடிப் பாருங்கள். செய்தவர் வாய் திறக்காமல், ஆடுபவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். அவருக்கு அது தெரிந்திருக்கும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாத இடம் வந்தால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அடுத்த பதிப்பில் அவர் அதைத் திருத்துவார்.