மலை ஏறிய பாட்டிலுக்கு ஒரு வாரம் ஓய்வு

கேள்வி: ஐயா, நாங்கள் கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஆறு பேர். துபாயில் வேலை பார்க்கும் இருவர் ஊருக்கு வந்தபோது ஆளுக்கு இரண்டு பாட்டில் லெபனான் நாட்டுச் சிவப்பு ஒயின் கொண்டுவந்தார்கள். நான்குமே ஷாட்டோ மூசார் என்ற ஒரே தயாரிப்பாளருடையவை. 2005, 2009, 2012, 2016 வருடத்துச் சரக்கு. பொங்கல் விடுமுறையில் ஏற்காட்டில் வீடு எடுத்துத் திறக்கப் போகிறோம். எந்த வரிசையில் குடிப்பது, எதைக் கவனிப்பது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கடிதத்தைப் படித்ததும் எனக்கும் கிளம்பி வரலாமா என்று தோன்றியது. தோட்டமும் திராட்சையும் ஒன்றுதான். மாறுவது அந்தந்த வருடத்து வெயிலும் மழையும், பாட்டிலுக்குள் கழிந்த காலமும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது நாக்கில் தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளம்புகிற அன்று பாட்டில்களைக் காரில் போட்டுக்கொண்டு வராதீர்கள். மூசார் வடிகட்டாமல் அடைக்கப்படும் ஒயின். வருடம் ஆக ஆக அடியில் மண்டி படியும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் அத்தனையும் கலங்கிவிடும். நாலு வருடத்துக்கு முன் நாங்கள் இதே மூசாரில் 1999, 2003, 2007 மூன்றையும் திறந்தபோது செய்த தப்பு அதுதான். மதியம் மேலே கொண்டுவந்து ராத்திரி திறந்தோம். 1999இன் கடைசி இரண்டு கிளாஸும் காபித் தூளைக் கலக்கிய மாதிரி வாயில் நறநறத்தன. இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது. ஒரு வாரம் முன்பே மேலே அனுப்பி, ஒரு இருட்டு அலமாரியில் நிற்க வைத்துவிடுங்கள்.

திறக்கும்போது அவசரம் வேண்டாம். பழைய கார்க் உதிரும். நிதானமாக, நேராக இழுங்கள். அப்புறம் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே சாய்ப்பில் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். கறுப்பு இழை ஒன்று கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மூசாரில் திறந்த உடனே நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி அடிப்பது உண்டு. கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாதீர்கள். கொஞ்ச நேரம் காற்று படட்டும், அடங்கும்.

வரிசை பற்றி ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. முப்பது வருடம் காபி ருசி பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து இது: மென்மையானது முன்னால், அழுத்தமானது பின்னால். ஆகவே 2005இல் தொடங்கி 2016இல் முடியுங்கள். இளசான ஒயினின் துவர்ப்பு நாக்கில் ஏறிவிட்டால் பழசின் வாசனை பிடிபடாது. ஒரு பாட்டில் 750 மில்லி, ஆறு பேருக்கு ஆளுக்கு 125 வரும். 2005இல் இரண்டு மடக்கு மிச்சம் வைத்து, எல்லாம் முடிந்த பிறகு மறுபடி அதைக் குடித்துப் பாருங்கள். அன்றைக்கு எங்களுக்கு 1999 அப்படித் திரும்பி வந்தபோதுதான் பிடிபட்டது. உலர்ந்த அத்திப்பழம், கொஞ்சம் பதனிட்ட தோல் வாசம், கடைசியில் ஆரஞ்சுத் தோல். அதற்குப் பிறகு மேஜையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெள்ளைத் தாள் மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். 2016 நாவல்பழச் சாறு மாதிரி இருந்தால், 2005இன் விளிம்பு செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். நிறமும் துவர்ப்பும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி அடியில் இறங்குகின்றன. மண்டி என்பது அதுதான். வாய்க்குப் பழசு வழவழப்பாக இருப்பதும் அதனால்தான்.

ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் 'மிளகு' என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் மிளகுதான் வாசம் அடிக்கும்.

சாப்பாட்டுக்குத் தட்டுவடை செட்டைத் தயவுசெய்து தவிருங்கள். அந்தக் காரச் சட்னி ஒயினை எரிச்சலாக்கிவிடும். மிளகாய் குறைத்த மட்டன் வறுவல், சாதா ரொட்டி போதும். ஃப்ரிட்ஜும் வேண்டாம், ஜனவரி இரவில் ஏற்காட்டு அறையின் குளிரே இதற்குச் சரி. கீழே இறங்குவது மறுநாள் மதியம்.

1976இல் உள்நாட்டுப் போரால் மூசாரில் ஒயினே செய்ய முடியவில்லை. அறுவடை முடிந்து ஏழாம் வருடம்தான் அவர்களுடைய சிவப்பு ஒயின் விற்பனைக்கு வரும். இதையும் மேஜையில் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: அப்பா வாங்கிய 2014 வருடத்து நாசிக் சிவப்பு ஒயின் சேலம் வீட்டுப் பரணில் இருக்கிறது. கார்க் கொஞ்சம் மேலே தள்ளி நிற்கிறது. குடிக்கலாமா?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஆபத்து இல்லை அம்மா, ஆனால் ருசி போயிருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், இடுக்கில் காற்று புகும். நானும் இரண்டு பாட்டிலை அப்படி இழந்தவன். திறந்து முகருங்கள். வேகவைத்த திராட்சை வாசம் என்றால் மட்டன் குழம்பில் ஒரு கிளாஸ் ஊற்றலாம். புளித்த காடி வாசம் என்றால் கொட்டிவிடுங்கள். அப்பா வாங்கியது என்கிறீர்கள், பாட்டிலை மட்டும் கழுவி எடுத்து வையுங்கள்.