விடிய விடிய நாடகம் பார்த்தவருக்குக் கச்சேரி புரியாதா?

கேள்வி: எங்கள் ஊர் அருப்புக்கோட்டை பக்கம். கணவருக்கு வேலை மாற்றலாகி மேடவாக்கத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மார்கழியில் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பாஸில் ஒரு சபாவுக்குக் கச்சேரி கேட்கப் போனோம். பாதியில் இவர் போனை எடுத்துப் பார்க்க, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி முறைத்தார். போனை உள்ளே வைத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். எனக்கு மானம் போனது. வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு. நமக்கு வள்ளி திருமணம்தான் சரி" என்று முடித்துவிட்டார். எனக்கோ ஆசை விடவில்லை. சினிமாவும் மாலும் அலுத்துவிட்டன. மாதம் ஒரு சாயங்காலமாவது இருவரும் கச்சேரி, நாடகம் என்று போய்வர வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? எப்போது கை தட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. பட்டுப்புடவைதான் கட்ட வேண்டுமா? இதில் அத்தை வேறு நானும் வருகிறேன் என்கிறார்கள்.
(பெயர் வேண்டாம், மேடவாக்கம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. வள்ளி திருமணம் அவருக்குச் சரிதான். "தெரிஞ்சவங்களுக்கு" என்ற பாதியில்தான் எனக்குத் தகராறு.

உங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் வள்ளி திருமணம், ஸ்பெஷல் நாடகம் என்கிற வகை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழி வந்தது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், சிரிக்கவைக்கும் பபூன் வேறெங்கிருந்தோ வருவார். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சேருகிறார்கள். ஹார்மோனியக்காரர் ராகத்தைப் பிடித்துக் கொடுக்க, வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால், யார் யாரை மடக்குகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே ஊர் ஜனம் ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். உங்கள் கணவரும் சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர்தானே? அப்படியானால் கச்சேரி கேட்பதற்கு வேண்டியது அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அவருக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கச்சேரியிலும் ஒத்திகை பெரும்பாலும் இருக்காது. அடுத்து என்ன பாட்டு என்பது வயலின்காரருக்கே பல சமயம் மேடையில்தான் தெரியவரும். பாட்டு என்னவோ பாடம் பண்ணியதுதான். அதற்கு முன்னால் வார்த்தையில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை, நடுவில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகப் பாடும் நிரவல், அப்புறம் ச ரி க ம என்று கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரம், மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் எல்லாம் அந்த நேரத்தில், அந்த இடத்தில் பிறப்பவை. ஸ்வரம் பாடும் கட்டத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பாடகர் ஒரு நீளமான சுற்றுப் பாடி நிறுத்துவார். வயலின் பதில் சொல்லும். பாடகர் அளவைக் குறைப்பார், வயலினும் குறைக்கும். குறைந்து குறைந்து மின்னல் மாதிரி நாலு ஸ்வரம் இங்கே, நாலு ஸ்வரம் அங்கே என்று வந்து, கடைசியில் இருவரும் ஒன்றாகப் பாட்டின் வரியில் வந்து விழுவார்கள். வள்ளி நாரதர் தர்க்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே வசனம் இல்லை.

ஆகவே முதல் தடவை பாடகரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வயலின்காரர் முகத்தைப் பாருங்கள். பாடகர் ஏதாவது புதிதாக ஒரு பிடி பிடித்தால் முதலில் தெரிவது அங்கேதான். ஒரு சின்னத் தலையசைப்பு, சில நேரம் ஒரு திகைப்பு. கூடவே மிருதங்கக்காரர் கையையும் பாருங்கள். இடது பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்பியிருப்பார். அந்த ஈரக் கனத்தில்தான் அடிவயிற்றில் வந்து இடிக்கிற அந்தக் கும்மென்ற ஒலி. வலது பக்கம் கறுப்பாக இருப்பது நிரந்தரமாகப் பூசியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கையடக்கமான கல்லால் விளிம்பை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டிச் சுருதி சேர்ப்பார்.

தாளத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆதி தாளம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஒரு கச்சேரியின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். தொடையில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு. எட்டு ஆயிற்றா? மறுபடி முதலிலிருந்து. நிதானமான பாட்டு என்றால் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் போடுவார்கள். பாடகர் கையைப் பார்த்தே போடலாம். பாட்டு தட்டில்தான் தொடங்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பல பாட்டுகள் கொஞ்சம் தள்ளித்தான் எடுக்கும். ஆனால் சத்தம் வராமல் போட வேண்டும். பக்கத்து நாற்காலி அதிரத் தாளம் போடுகிறவர்கள் போனைப் பார்க்கிறவரைவிடப் பெரிய தொல்லை. அந்த முறைத்த பெரியவரே அப்படிப்பட்டவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

போன் விஷயத்தில் பெரியவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சத்தத்தை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இருட்டு அரங்கில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் திரையின் வெளிச்சம் டார்ச் அடித்த மாதிரி. தூங்கியதற்கு ஏன் மானம் போக வேண்டும்? ஆபீஸிலிருந்து நேரே வந்த மனிதர், ஏசி, விடாமல் மீட்டும் தம்புரா. தூங்காவிட்டால்தான் அதிசயம். குறட்டை விட்டால் மட்டும் முழங்கையால் இடியுங்கள்.

கை தட்டுவதற்கு வருகிறேன். ஆலாபனையைப் பாடகர் முடித்ததும் தட்டலாம். அதையே வயலின்காரர் வாசித்து முடித்ததும் அவருக்குத் தனியாகத் தட்டுங்கள், பலர் கஞ்சத்தனம் செய்கிற இடம் இது. ஸ்வரம் முடிந்து பாட்டுக்குத் திரும்பும்போது, தனி முடியும்போது, பாட்டு முடியும்போது. சந்தேகமாக இருந்தால் நாலு பேர் தட்டட்டும், சேர்ந்துகொள்ளுங்கள்.

தனி ஆவர்த்தனத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிடுகிறேன். கச்சேரியின் பெரிய பாட்டு முடிகிற சமயத்தில் பாடகரும் வயலினும் ஒதுங்கிக்கொண்டு, மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் (அல்லது கஞ்சிராவுக்கும்) இடம் விடுவார்கள். இதுதான் சமயம் என்று சபாவில் பாதிப்பேர் எழுந்து கேன்டீனுக்கு நடப்பார்கள். மேடையில் ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்க, செருப்புச் சத்தத்தோடு கூட்டம் வெளியேறும். பல வருடமாக எல்லோரும் கண்டிக்கிறார்கள், பல வருடமாக இப்படியே நடக்கிறது. நீங்கள் எழுந்திருக்காதீர்கள். வார்த்தையும் ராகமும் இல்லாத இந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் உங்கள் கணவருக்கு முதலில் பிடிக்கப் போவது என்பது என் கணிப்பு. ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கித் திருப்பித் தருவார். அளவு குறைந்துகொண்டே வரும். பிறகு சேர்ந்து வாசித்து, ஒரே கணக்கை மூன்று தடவை வாசித்து முடிக்க, பாடகர் விட்ட வரியைச் சரியாக வந்து எடுப்பார். அந்தக் கடம் மானாமதுரைக் கடமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மண் கனமும் ஓசையும் அந்த ஊருக்கே உரியவை. பக்கத்து ஊர்ச் சரக்கு மேடையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் காதில் போட்டுவையுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? டிசம்பர் சாயங்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணத்தில்தான் பாஸ் கொடுத்திருப்பார். ஆனால் முதல் அனுபவத்துக்கு அது சரியான இடமில்லை. பெரிய வித்வான், இரண்டரை மணி நேரம், சீசன் டிக்கெட்டோடு வருடா வருடம் வருகிறவர்கள், வண்டி நிறுத்த இடமில்லாத சண்டை. சீசனுக்கே, அதாவது டிசம்பர் இசை விழாவுக்கே, போக வேண்டும் என்றால் மத்தியானக் கச்சேரிக்குப் போங்கள். பெரும்பாலான சபாக்களில் பகல் நேரக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை. இளம் வித்வான்கள் வாசிப்பார்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாளைக்குப் பெரிய பெயராகப் போகிறவர்கள் இன்று பாதி காலியான அரங்கில் தங்கள் முழு பலத்தையும் காட்டுவார்கள். (சீசன் டிசம்பரில் வருவதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்துதான் 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது.)

பாட்டின் அர்த்தம் புரிய வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் டிசம்பரில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழிசைச் சங்கம் நடத்தும் விழா இருக்கிறது. 1943-ல் தமிழ்ப் பாட்டுக்காகவே தொடங்கிய சங்கம். மற்ற சபாக்களில் தமிழ்ப் பாட்டு அதிகம் வருவது கடைசி அரை மணியில்தான், சின்னச் சின்னப் பாட்டுகளாகப் பாடும் துக்கடா நேரத்தில். முதல் ஒரு மணி நேரத்தைவிட அந்தக் கடைசி அரை மணி புதியவர்களுக்கு இனிக்கும். அதனால் "பாதியில் வரலாமா" என்று கேட்டால், பாதியில் கிளம்புவதைவிடத் தாமதமாக வருவதே மேல் என்பேன். எதுவானாலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், ஓரத்து நாற்காலியாகப் பார்த்து.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கச்சேரியை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் சாயங்காலம் நாடகத்துக்குக் கூட்டிப்போவேன். தி.நகர் வாணி மகால், நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் போன்ற இடங்களில் வருடம் முழுக்க, முக்கியமாக சனி ஞாயிறு சாயங்காலங்களில் நாடகம் போடுகிறார்கள். இரண்டு மணி நேரம், பெரும்பாலும் நகைச்சுவை. ஒய்.ஜி. பார்த்தசாரதி குடும்பத்தின் யு.ஏ.ஏ. நாடகக் குழு 1952-லிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்பெஷல் நாடகம் பார்த்தவருக்கு சபா நாடகத்தில் பாட்டு இல்லையே என்று முதலில் சப்பென்றிருக்கலாம். பபூன் காமெடி பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும். கதாநாயகன் வசனம் மறந்து தடுமாறி, எதிரில் நிற்பவர் அதையே ஜோக்காக மாற்றிச் சமாளிக்கிற ஒரு நொடி கிடைத்தால் கொடுத்த காசு வசூல். கொஞ்சம் வேறு மாதிரி வேண்டுமென்றால், ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை வழி வந்த நவீன நாடகக் குழுக்கள் இருக்கின்றன. அதை மூன்றாவது நான்காவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் ஒரு சூட்சுமம். காசைக் கச்சேரியில் மிச்சப்படுத்தி நாடகத்தில் செலவழியுங்கள். கச்சேரியைப் பால்கனியிலிருந்து கேட்டாலும் குறைவொன்றுமில்லை, பழைய ரசிகர்கள் பலர் அங்கேதான் உட்காருவார்கள். நாடகத்தில் முகம் தெரிய வேண்டும். நாலாவது ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் போகாதீர்கள். ஒரேயடியாக முதல் வரிசையும் வேண்டாம், கழுத்து வலிக்கும்.

போக்குவரத்தால்தான் பாதி சாயங்காலங்கள் கெடுகின்றன. மேடவாக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் காரை எடுத்தால் மயிலாப்பூர் போய்ச் சேரும்போது இருவரும் பேசிக்கொள்ளாத நிலையில் இருப்பீர்கள். வேளச்சேரியில் வண்டியை விட்டுவிட்டுப் பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். திருமயிலையில் இறங்கினால் மயிலாப்பூர் சபாக்கள் ஆட்டோ தூரம். அதே வண்டியில் கோட்டை வரை போனால் ராஜா அண்ணாமலை மன்றம். திருவான்மியூரில் இறங்கினால் கலாக்ஷேத்திரா. திரும்பும்போது கடைசி ரயில் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி முன்னால் போய் டிபனை முதலில் முடித்துவிடுங்கள். பசியோடு ஆலாபனை கேட்கிற ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. சீசன் கேன்டீன் என்றால் கேட்கவே வேண்டாம், வாழைப்பூ வடையும் அசோகா அல்வாவும் சாப்பிடுவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. அவர்களை யாரும் முறைப்பதில்லை. இலைச் சாப்பாடு மட்டும் வேண்டாம், மறுபடி தூங்கிவிடுவார்.

பட்டுப்புடவை உங்கள் இஷ்டம். டிசம்பரில் அங்கே ஒரு புடவைக் கண்காட்சியே நடக்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் சுங்குடி கட்டிக்கொண்டு போனால் யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. ஒரு சால்வை கையில் இருக்கட்டும், சில அரங்குகளில் ஏசி எலும்பைக் குத்தும்.

அத்தை விஷயம். முட்டிவலி இருந்தால் பால்கனி வேண்டாம், கீழே ஓரத்து இருக்கையாகப் பாருங்கள். அவர்களை மத்தியானக் கச்சேரிக்கு நீங்கள் கூட்டிப்போங்கள், மாமியாரும் மருமகளுமாக. கடைசியில் திருப்புகழ் வந்தால் கூடவே பாடுகிறவர் அவர்களாகத்தான் இருக்கும். மாதம் ஒரு சாயங்காலம் என்று நீங்கள் கேட்டது உங்கள் இருவருக்கும் மட்டும். அதை அத்தையிடம் சொல்லுகிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம், அவர் பிள்ளையே சொல்லட்டும்.