பட்டறைப் பதில்கள்: ஜப்பான் பெட்டிக்கு முதலில் அடப்டர்

கேள்வி: எனக்கு வயது 42. சிறுவயதில் வீட்டில் இருந்த 'ரீவி கேம்' நினைவு விடவில்லை. ஜப்பானில் உள்ள ஒரு விற்பனையாளரிடமிருந்து, நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய வீடியோ கேம் பெட்டியான ஃபமிகொம் அல்லது அதற்கு அடுத்து வந்த சுப்பர் ஃபமிகொம் ஒன்றை வரவழைக்க விரும்புகிறேன். இங்கே வேலை செய்யுமா? எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாக வேலை செய்யும், தம்பி. ஆனால் பெட்டிக்குப் பணம் கட்டுமுன் அதற்கான அடப்டரை வாங்கி வீட்டில் வையுங்கள். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் ரேடியோவும் ரீவியும் திருத்தினேன். ஜப்பானிலிருந்து வந்த பொருட்களில் வழியில் உடைந்தவை குறைவு. வந்த அன்றிரவே சுவரில் செருகப்பட்டுச் செத்தவைதான் அதிகம்.

அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அவர்களுடைய பிளக்கின் இரண்டு தட்டைக் கால்கள் நமது சொக்கற்றில் இறங்காது. அதை ஆண்டவனே வைத்த எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாமோ தெருவோரக் கடையில் ஒரு மாற்று பிளக்கை வாங்கி அந்த எச்சரிக்கையையும் தாண்டிவிடுகிறோம்.

பிறரைக் குறை சொல்லி என்ன பயன்? ஊருக்கெல்லாம் வோல்ட் பார்க்கச் சொன்ன நானே செய்தேன். 1996இல் ஜப்பானில் வேலை செய்த என் மைத்துனர் பிள்ளைகளுக்கு ஒரு சுப்பர் ஃபமிகொம் கொண்டுவந்தார். பிள்ளைகள் சுற்றி நின்று அவசரப்படுத்த, நான் எதையும் வாசிக்காமல் செருகினேன். முதலில் தேனீயின் ரீங்காரம் போல ஒரு சத்தம். பிறகு உருகும் அரக்கின் மணம். அடப்டர் போய்விட்டது, பெட்டி தப்பியது. அத்தோடு நின்றிருக்கலாம். பட்டறையில் கிடந்த 9 வோல்ட் அடப்டர் ஒன்றை எடுத்து, முனை பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குத்தினேன். நமது கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் முனையின் நடுப்பகுதி நேர் மின். இந்தப் பெட்டிக்கு நடுப்பகுதி எதிர் மின்னாக இருக்க வேண்டும். உள்ளே இருந்த பியூஸ் போனது.

அதை மாற்றுவதற்குப் பெட்டியைத் திறக்கவும் முடியவில்லை. ஆணிகளின் தலை எந்தத் திருப்புளிக்கும் அடங்காத வடிவம். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பேனாக் குழாயின் நுனியை மெழுகுவர்த்தியில் இளக்கி, ஆணித் தலையில் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினேன். நான்காவது பேனாவில் திறந்தது. பியூஸ் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது. அதற்காக ஓர் இரவு முழுவதும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்க வேண்டியது இது: 230 வோல்டில் வேலை செய்து, 9 அல்லது 10 வோல்ட் நேரோட்டம் தரும், 1 அம்பியர் அடப்டர், நடுமுனை மைனஸ். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஜப்பானின் அசல் அடப்டர் தருவது 10 வோல்ட், 850 மில்லி அம்பியர். இரண்டு பெட்டிகளுக்கும் அது ஒன்றேதான். அதனால்தான் 1990இல் சுப்பர் ஃபமிகொம்மை 25,000 யென்னுக்கு விற்றபோது பெட்டியோடு அடப்டர் கொடுக்கவில்லை; பழைய ஃபமிகொம்முடையது வீட்டில் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். விற்பனையாளர் அடப்டர் இல்லை என்றால் ஏமாற்றுகிறார் என்று எண்ணாதீர்கள். முதல் பிளேஸ்டேஷனையோ சேகா சற்றேர்னையோ வாங்குவதானால் கதை வேறு. அவற்றின் மின்பகுதி உள்ளேயே இருக்கிறது. 230ஐ 100 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமர் தேவை.

இரண்டில் எது? என்னைக் கேட்டால் சுப்பர் ஃபமிகொம். 1983இல் வந்த முதல் ஃபமிகொம் அன்டெனா வழியாகத்தான் படம் தரும், அதுவும் ஜப்பானின் 1ஆம், 2ஆம் அலைவரிசைகளில். அவை 90 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே, நம்மூரில் எப்.எம். வானொலிகள் பாடிக்கொண்டிருக்கும் இடத்தில் நிற்கின்றன. நமது ரீவிகள் பலவற்றுக்கு அந்த இடமே தெரியாது. ஃபமிகொம்தான் வேண்டும் என்றால் 1993இல் வந்த பிந்திய மாதிரியைத் தேடுங்கள். அதில் ரீவிக்குப் படம் கொண்டுபோகும் மஞ்சள் முனை (ஏ.வி.) வயரை நேரடியாகக் குத்தலாம். முதல் மாதிரியின் அழகும் எனக்குத் தெரியும்: இரண்டாவது கைப்பிடியில் ஒரு மைக் இருக்கிறது, தொடக்கப் பொத்தான் இல்லை. இளையவனாகப் பிறந்தவர்களுக்கு அந்த அநியாயம் புரியும்.

சுப்பர் ஃபமிகொம்மிலும் மஞ்சள் முனை உண்டு. உங்கள் ரீவியில் அதற்கான துளை இருக்கிறதா என்று இன்றே பின்பக்கம் பாருங்கள். ஜப்பானின் படமுறை என்.ரி.எஸ்.சி., நமது பால் (PAL) முறை அல்ல. பல முறைகளையும் ஏற்கும் ரீவியில் சிக்கல் இல்லை. பால் முறை மட்டும் தெரிந்த பழைய ரீவியில் படம் கறுப்பு வெள்ளையாக உருளும். பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

விளம்பரத்தில் 'ஜங்க்' என்ற சொல் இருந்தால், சோதிக்கவில்லை, திருப்பி எடுக்க மாட்டோம் என்று பொருள். திருத்தத் தெரிந்தவருக்கு அது லாபம். உங்களுக்கு அல்ல. மஞ்சள் நிறம் ஏறிய பெட்டிக்குப் பயப்பட வேண்டாம். அது பிளாஸ்டிக்கின் வயது. சேமிப்பு வசதி உள்ள விளையாட்டுக் கசெட்டுகளில் ஒரு பொத்தான் பற்றரி இருக்கிறது. முப்பது வருடத்தில் அது முடிந்திருக்கும். விளையாட்டு ஓடும், சேமிப்பு நிற்காது. ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த எவரும் மாற்றித் தருவார்.

கேள்வி: பொதியின் மேல் 'அன்பளிப்பு' என்றும் விலை 1,000 யென் என்றும் எழுதச் சொல்லலாமா?
— வாசகி, தெஹிவளை

பதில்: வேண்டாம், தங்கச்சி. பொதி வழியில் தொலைந்தால் நட்டஈடும் எழுதிய அந்த 1,000 யென்னைப் பார்த்துத்தான் வரும். சுங்கத்தார் பொதியைத் திறப்பார்கள், விலை தேடத் தெரிந்தவர்கள். பொருளின் விலை, காப்புறுதி, அனுப்புக் கட்டணம் மூன்றையும் சேர்த்த பெறுமதியில்தான் வரி தொடங்குகிறது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், ஏனைய வரிகள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுபவை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எத்தனை பொருட்களுக்குத் தடை வந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். பணம் கட்டுமுன், வீடியோ கேம் பெட்டிகளுக்குரிய 9504.50 என்ற இலக்கத்தைச் சொல்லி அன்றைய வீதத்தைச் சுங்கத்தில் கேளுங்கள். பணம் செலுத்திய பற்றுச்சீட்டை அச்செடுத்து, தேசிய அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.

கேள்வி: அந்தக் காலத்து ரீவி கேம் கசெட்டுகள் இன்னும் என் அண்ணரிடம் இருக்கின்றன. ஜப்பான் பெட்டியில் ஓடுமா?
— வாசகர், மட்டக்குளி

பதில்: ஃபமிகொம்மில் பெரும்பாலும் ஓடும். நாம் வாங்கிய ரீவி கேம் பெட்டிகள் எல்லாம் அதன் நகல்கள்தானே. கசெட்டின் அறுபது கால்களும் அப்படியே பொருந்தும். ஜப்பானியரும் அதைக் கசெட் என்றுதான் சொல்கிறார்கள். அழுக்கிருந்தால் வாயால் ஊதாதீர்கள், ஈரம் கால்களை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அற்ககோலைத் தொட்டுத் துடையுங்கள்.

ஒன்று மட்டும் மாறும். நமது ரீவிக்காகச் செய்த நகல்கள் செக்கனுக்கு 50 தடவை படம் காட்டின, ஜப்பான் பெட்டி 60 தடவை காட்டும். சிறுவயதில் நாம் விளையாடியது ஆறில் ஒரு பங்கு மெதுவாக. மாரியோவில் ஆமை இப்போது முன்னைவிட வேகமாக வரும், பாட்டும் விரையும். அண்ணரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.