தலையில் காந்தம் வைக்கும் பரிசோதனைக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு 19 வயது. காலையில் எழுந்ததும் கைகள் வெட்டி வெட்டித் தூக்கிப் போடும். காபி டம்ளர் கைநழுவி விழும். இரண்டு முறை பெரிய வலிப்பும் வந்தது. லெவிடிரசிட்டம் மாத்திரை தொடங்கியபின் ஓராண்டாக எதுவும் இல்லை. இப்போது பெங்களூரில் ஒரு மருத்துவமனையில், மூளை எவ்வளவு எளிதாகத் தூண்டப்படுகிறது என்று அளக்கும் ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள். தலையில் காந்தம் வைப்பார்களாம். இது கரண்ட் ஷாக்கா? வலிப்பு வந்துவிடாதா? முடிவு நன்றாக வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும், அதை வைத்து மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நீங்கள் விவரித்திருப்பது இளம்பருவத்தில் தொடங்கும் தசைத்துடிப்பு வலிப்பு வகையைப் போல இருக்கிறது. அந்த வகை மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும்.

மூளையின் மேலடுக்கான புறணியில் உள்ள நரம்புச் செல்களில் சில தூண்டிவிடுபவை, சில அடக்கி வைப்பவை. இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலை தூண்டல் பக்கம் சாய்ந்தால் வலிப்பு எளிதில் தொடங்கும். அந்தச் சமநிலையை மண்டை ஓட்டைத் திறக்காமல் அளப்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. 1980இல் தலைத்தோலின் வழியே மின்சாரம் செலுத்திப் புறணியைத் தூண்ட முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அது வலித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985இல் மின்சாரத்துக்குப் பதிலாகக் காந்தப்புலத்தைப் பயன்படுத்தியபோதுதான், விழித்திருக்கும் ஒருவரிடம் வலியின்றி இதைச் செய்யும் வழி பிறந்தது. எனவே, மனநலச் சிகிச்சையில் கொடுக்கும் ஷாக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. மயக்க மருந்தும் தேவையில்லை.

உங்கள் மகளை நாற்காலியில் அமரவைத்து, கட்டைவிரலுக்கோ ஆள்காட்டி விரலுக்கோ அருகிலுள்ள சிறு தசையின் மேல் மின்முனைகளை ஒட்டுவார்கள். கையை இயக்கும் புறணிப்பகுதிக்கு நேர்மேலே, பெரும்பாலும் 8 வடிவிலுள்ள ஒரு கம்பிச் சுருளைப் பிடித்து, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரம் காந்தப்புலத்தை எழுப்புவார்கள். 'டக்' என்ற சத்தம் உரக்கக் கேட்கும்; அதனால் காதுக்கு அடைப்பான் தருவார்கள். ஏறத்தாழ 20 மில்லி விநாடிக்குப் பின் விரல் தானாகத் துடிக்கும். ஓய்வாக இருக்கும் தசையில், 10 தூண்டல்களில் 5 முறையாவது 50 மைக்ரோவோல்ட் அளவுள்ள மின் அலையை எழுப்பப் போதுமான மிகக் குறைந்த தூண்டல் வலிமையே இயக்க வாசல் எனப்படுகிறது. அது தாழ்ந்திருந்தால் புறணி எளிதில் தூண்டப்படுகிறது என்று பொருள். கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகள் இந்த வாசலை உயர்த்துகின்றன.

இரண்டு காந்தத் துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்தும் அளப்பார்கள். முதலாவது பலவீனமாக இருந்து, 1 முதல் 5 மில்லி விநாடிக்குள் இரண்டாவது வந்தால், விரலின் துடிப்பு வழக்கத்தைவிடச் சிறுத்துவிடும்; இடைவெளி 10, 15 மில்லி விநாடியானால் பெரிதாகும். அந்தச் சிறுத்தல், காபா என்ற வேதிப்பொருளால் இயங்கும் அடக்கும் செல்களின் வலிமையைக் காட்டுகிறது. வலிப்பு உள்ளவர்கள் பலரிடம் இந்த அடக்குதல் குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் மதிப்புடையதாகத் தோன்றுவது இதுதான்: ஒரு மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை நோயாளியின் விரல் அசைவிலிருந்தே அறிய முடிகிறது.

ஆயினும் நலமுள்ளவர்களின் அளவுகளும் வலிப்பு உள்ளவர்களின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒரே ஆளிடமே நேரம், தூக்கம், மருந்து ஆகியவற்றைப் பொறுத்து அளவு மாறும். பாலக்கோடு மண்டியில் ஒருநாள் காலை விற்ற தக்காளி விலையைக் கொண்டு அந்த ஆண்டின் வருமானத்தைக் கணக்கிட முடியாதல்லவா? நூறு பேரின் அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளருக்கு இது பயன்படும். உங்கள் மகள் ஒருத்திக்குத் தீர்ப்புச் சொல்ல இது போதாது.

வலிப்பு வந்துவிடுமா என்ற அச்சம் நியாயமானதே. ஒற்றைத் துடிப்பிலும் இரட்டைத் துடிப்பிலும், வலிப்பு உள்ளவர்களுக்குக்கூட அது அரிதாகவே நேர்கிறது. விரைவாகத் தொடர்ந்து தூண்டும் முறையில் ஆபத்து சற்றுக் கூடுதல். ஆகவே எந்த முறை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தலைக்குள் உலோகக் கிளிப், அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்திய செவிக்கருவி, இதய பேஸ்மேக்கர் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

காந்தத்தைவிட எனக்குக் கவலை தருவது பயணம்தான். ராயக்கோட்டை, ஓசூர் வழியாகக் காலை எட்டு மணிக்குள் பெங்களூர் சேர வேண்டுமென்றால், விடியுமுன்பே எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும். இந்த வகை வலிப்பில் தூக்கக் குறைவு புறணியின் தூண்டப்படும் தன்மையைக் கூட்டுகிறது என்பதை இதே காந்தப் பரிசோதனைகளே காட்டியுள்ளன; விடிகாலையில் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கிறது. முந்தைய நாள் மாலையே பெங்களூர் சென்று தங்குங்கள், அல்லது பிற்பகலில் நேரம் கேளுங்கள். அன்று காலை மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். 'பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று எவரேனும் சொன்னால், உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேசாமல் சம்மதிக்காதீர்கள். அன்று கைகள் வெட்டினால் அதை மறைக்காமல் அங்குள்ள மருத்துவரிடம் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

19 வயதானவள் என்பதால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவள் உங்கள் மகளே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, அந்தப் படிவம் அவளுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் கொடுத்தால், தமிழில் தரும்படி தயங்காமல் கேளுங்கள். ஆராய்ச்சிக்கான பரிசோதனைக்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நடுவில் விலகினாலும் அவளுடைய வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. இவற்றைக் கேட்டறிந்தபின் அவளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகக் கலந்துகொள்ளட்டும்.