அரபு அரசியல் படிக்கப் போகிறவருக்கு

அன்புள்ள ஐயா,

நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அரபு நாடுகளின் அரசியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஆனால் என் ஆசிரியர் ஒருவர், “2011-இல் துனிசியாவும் எகிப்தும் கொந்தளிக்கப் போவதை உங்கள் நிபுணர்கள் யாராவது சொன்னார்களா? அப்புறம் எதற்கு அந்தப் படிப்பு?” என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆசிரியர் சொல்வதில் பாதி சரி. அதைத் துறைக்காரர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அரபு எழுச்சியை நாம் ஏன் கோட்டைவிட்டோம் என்று கிரெகரி காஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அந்த ஆண்டே ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் எழுதினார். முக்கியமாக அவர் கைவைத்தது ராணுவத்தில். என்ன நடந்தாலும் படை ஆட்சியாளர் பக்கம்தான் நிற்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். துனிசியாவிலும் எகிப்திலும் அது ஒதுங்கிக்கொண்டது. ஜனவரி 14-இல் துனிசிய அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார், பிப்ரவரி 11-இல் எகிப்து அதிபர் முபாரக் பதவி இறங்கினார். சிரியாவில் படையின் முக்கியப் பொறுப்புகள் அதிபர் அசாத்தின் சொந்தச் சமூகமான அலவி சிறுபான்மையினர் கையில் இருந்தன. அங்கே துப்பாக்கி மக்களை நோக்கித் திரும்பியது. ஏன் இங்கே அப்படி, அங்கே இப்படி என்று விளக்க ஆள் வேண்டாமா? தேதி குறித்துச் சொல்ல ஜோசியர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிய மால்கம் கெர்ரைப் படியுங்கள். 1931-இல் பெய்ரூட்டில் பிறந்த அமெரிக்க அரசியல் அறிஞர். 1963-இல் எகிப்து, சிரியா, இராக் மூன்றும் ஒரே நாடாகச் சேர்வது பற்றிக் கெய்ரோவில் வாரக்கணக்கில் பேசின. எகிப்தும் சிரியாவும் 1958-இல் இணைந்து 1961-இல் பிரிந்திருந்ததால், பழைய கணக்கு தீராமல் இருந்தது. பேச்சை நடத்திய எகிப்து அதிபர் நாசர், சிரியாவை அப்போது ஆண்ட பாத் கட்சிக்காரர்களைக் குறுக்கு விசாரணையே செய்தார். உறவு முறிந்ததும், எதிராளியைச் சந்தி சிரிக்க வைக்க, எகிப்து அந்தக் கூட்டக் குறிப்புகளை வெளியிட்டது. கெர் அதை வரிவரியாகப் படித்தார். ஒற்றுமை ஒற்றுமை என்று அதிகம் முழங்கியவர்கள்தான் தங்களுக்குள் அதிகம் வெட்டிக்கொண்டார்கள் என்பது அதிலிருந்து அவருக்குத் துலங்கியது. 1965-இல் வந்த ‘அரபுப் பனிப்போர்’ சிறிய நூல்தான். 2017-இல் மூண்டு 2021-இல் ஓய்ந்த சவுதி, கத்தார் சண்டையைப் படிக்கிறவர்கள்கூட அதைத் தேடிப் போகிறார்கள்.

அரபி தெரியாமல் அந்த நூல் பிறந்திருக்காது. ஆகவே முதலில் மொழி. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் உரைக்கு உரை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். செய்தித்தாள் அரபி ஒன்று, கெய்ரோ டீக்கடை அரபி வேறொன்று. இரண்டும் வேண்டும், வருடங்கள் பிடிக்கும். டெல்லி ஜே.என்.யு.வில் மேற்காசிய ஆய்வு மையமும் உண்டு, அரபி கற்பிக்கும் துறையும் உண்டு. விசாரியுங்கள். வேலை வாய்ப்பு குறைவு, அதை மறைக்க மாட்டேன்.

இன்னொன்று. கெர், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, 1984 ஜனவரி 18 அன்று தன் அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2016-இல் கெய்ரோவில் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜெனி காணாமல் போய், சித்திரவதைக் காயங்களோடு பிணமாகக் கிடைத்தார். களப்பணிக்குத் தலைப்பு எடுக்கும்போது யாரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள், அது யார் கண்ணை உறுத்தும் என்று நெறியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டிலும் இதைச் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.